கேப்டன் டீ போடப் போன நேரம்

கொழிஞ்சாம்பாறை
9 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய நடுவர் ஜெகன் அவர்களுக்கு,

அன்புள்ள கணவருக்கு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் மரியாதையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

நான் மூணாறில் பஸ் ஏறியதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீங்கள் "ஏ யோகா..." என்று இழுப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், வழக்கு அதோடு தள்ளுபடி. அதனால் இனி எல்லாம் எழுத்தில்தான். எழுத்தில் யாரும் இழுக்க முடியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங் கண்ணு, மாப்ளகூடச் சண்டையா?"

"ஆமாங்ப்பா. என்னைக் கொன்னுபோட்டாருங்க."

பேப்பர் கீழே விழுந்துவிட்டது. பிறகு உட்காரவைத்து விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் வாசகசாலையில் நீங்களும் உங்கள் சிநேகிதர்கள் சுவக்கீன் அண்ணனும் டின்டுவும் என்னோடு ஆடும் விண்வெளி ஆட்டத்தைப் பற்றி. கதை சொல்லி நடத்துவது நீங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் எங்களுக்கு. கட்டம் போட்ட காகிதம்தான் கப்பல். அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட ஆளுக்கு ஒரு குட்டிப் பொம்மை. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டினால், நடக்கிறதா இல்லையா என்று பகடை சொல்லும். 'கொளுந்து' என்ற கப்பலுக்கு கேப்டன் பொன்னாத்தா நான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப செத்தது பொம்மை. அதுக்கு நீ எதுக்குங் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?" என்றார். அவருக்கும் புரியவில்லை. ஆம்பளைகளுக்கெல்லாம் ஒரே மூளையைத்தான் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் போல.

நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. ஓணம் லீவு ஞாயிறு. கப்பலின் எஞ்சின் அறை வெடிக்கப்போகிறது. சுவக்கீன் அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டு, "தங்கச்சி, ஒரு டீ கெடைக்குமா?" என்றார். நான் எழுந்து போனேன். நாலு கிளாஸ் டீ, ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. தூக்கிக்கொண்டு வந்தால் பொன்னாத்தா பொம்மை குப்புறக் கிடக்கிறது. என் முறை வந்ததாம். நான் இல்லையாம். நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றீர்களாம். எஞ்சின் வெடித்ததாம். இன்னும் ரெண்டு கட்டம் தள்ளி ஆக்சிஜன் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தால் தப்பித்திருப்பாள். போகத்தான் இருந்தேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நீங்கள் மூன்று பேரும் அந்த டீயைக் குடித்தீர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொம்மையை நான் எடுத்து வந்துவிட்டேன். என் கையால் செய்தது, என்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற கேப்டன்


மாட்டுப்பட்டி
14 செப்டம்பர் 2025

அன்பு யோகாவுக்கு,

உன் கடிதத்தை ஃபேக்டரியில் டிரையர் பக்கத்தில் நின்று படித்தேன். 'ஒரே மூளை' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். முறை வரும்போது ஆள் மேசையில் இல்லையென்றால் பொம்மை நின்ற இடத்தில் நிற்கும். இது உனக்காகப் போட்ட விதி இல்லை. டின்டு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான், ஆட்டத்தின் நடுவில் கெஸ்ட் யாராவது கூப்பிட்டால் போனோடு வெளியே போய் நின்றுவிடுவான். அவனுக்காக எத்தனை நேரம் காத்திருப்பது? அதனால் வந்த விதி. நீ கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்னாலேயே இருக்கிறது. டின்டுவின் டாக்டர் பாத்திரமும் ஒருமுறை அப்படித்தான் விண்கல்லில் அடிபட்டுச் செத்தது. அவன் எதுவும் சொல்லாமல் புதிதாக ஒரு பொம்மை செய்துகொண்டு வந்தான்.

பெண்டாட்டிக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று நடுவர் நடந்தால் அந்த மேசையில் யார் உட்காருவார்கள்? சுவக்கீன் அன்றைக்கே சொன்னான்: "லேய் ஜெகா, நீ இப்ப வளைஞ்சு குடுத்தேன்னா நாளைக்கு நா செத்தாலும் என்னய எழுப்பணும் பாத்துக்க." வேண்டுமானால் உனக்கு ஒரு நல்ல புதுப் பாத்திரம் தருகிறேன். தலைமை எஞ்சினியர் இடம் காலியாக இருக்கிறது. கேப்டனைவிட எஞ்சினியருக்குத்தான் வேலை அதிகம்.

நீ இல்லாமல் இந்த ஞாயிறு ஆட்டம் சப்பென்று இருந்தது. டீ கேன்டீனிலிருந்து வாங்கினோம். வெந்நீர் மாதிரி இருந்தது.

கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். எட்டுக் கால் ராணி ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருந்தாய். அந்தக் குகைக் கிரகத்துக்கு அவள்தான் எல்லாம். இப்போது சுவக்கீன் ஒரு ஏலக்காயில் ஈர்க்குச்சி குத்திவைத்து "இதுதான் ராணி" என்கிறான். பார்த்தால் யாருக்கும் பயம் வரவில்லை, பாயசம்தான் ஞாபகம் வருகிறது.

போனை எடு யோகா.

உன்,
ஜெகன்


கொழிஞ்சாம்பாறை
5 அக்டோபர் 2025

நடுவருக்கு,

அந்தக் கடிதமும் வந்தது, பின்னால் வந்த மூன்றும் வந்தன. பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை, வேலையும்தான். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த பல் லேப் வேலைக்கே மறுபடி போகிறேன். ஆயுதபூஜைக்கு முன்னால் எல்லா டாக்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பல் செட் வேண்டுமாம். எங்கள் லேபில் இருப்பதே மூன்று பேர்.

எஞ்சினியர் வேலைக்கு நன்றி. வேண்டாம். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். டின்டு எழுந்து போவது தன் வேலைக்கு. நான் எழுந்து போனது யாருடைய வேலைக்கு? உங்கள் மூன்று பேருக்கும் டீ வேண்டும் என்று எழுந்தவள் நான். ரெண்டும் ஒன்றென்று சொல்லும் விதியை நீங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், நான் மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்கள் மேசையில் நான் ஆட வந்தவளா, பரிமாற வந்தவளா? பொன்னாத்தா பிழைக்கிறாளா இல்லையா என்பது அதற்குப் பிறகு.

போதும். கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நல்ல செய்தி சொல்கிறேன்.

ஆயுதபூஜையன்று லேபில் டிரில், மெழுகுக் கத்தி, வார்ப்பு அச்சு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். யாரும் பார்க்காத நேரத்தில் பொன்னாத்தாவையும் பகடைகளையும் அந்த வரிசையில் வைத்துவிட்டேன். எங்கள் முதலாளி ஆனந்தகுமார் அண்ணன் பூஜை செய்துகொண்டே வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பொன்னாத்தாவுக்கும் வைத்துவிட்டுத்தான் நின்று பார்த்தார்.

"இது யாருங்க யோகா, தலைல கண்ணாடிக் குண்டானோட?"

"கேப்டனுங்க அண்ணா. அது மாத்திரை அட்டையோட குமிழிங்க."

"ஈறு செய்யற அக்ரிலிக்கா இது? அட, சட்டை மடிப்பெல்லாம் தெரியுது! பல்லுல இப்படி நுணுக்கம் காட்டுனா நாம எங்கயோ போயிருப்பமே."

கோபிக்கவில்லை. சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து எப்படி ஆடுவது என்று கேட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் லேபில் எங்களுக்கும் ஒரு மேசை. முதலாளி ஒரு விண்வெளிக் கடத்தல்காரர். வரவேற்பில் இருக்கும் மோனிஷா கப்பலோட்டி. நடத்துவது நான். கப்பலுக்குப் பெயர் 'பாலக்காட்டுக் காற்று'. எங்கள் மேசையில் டீக்கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்தால்தான் டீ. யாரும் எழுந்து போவதில்லை.

ராணியைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். சண்டை சண்டைதான், ஆனால் ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் விட்டதில்லை. எட்டுக் காலும் வளைந்து நிற்க வேண்டும் என்று பல் கம்பியை உள்ளே வைத்து வார்த்தேன். பஞ்சில் பொதிந்து, லேப் டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கால் உடைந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

யோகப்பிரியா


மாட்டுப்பட்டி
12 அக்டோபர் 2025

யோகா,

நீ இதை நம்புவாயோ மாட்டாயோ, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாமா போன் செய்தார். சும்மா நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். "மாப்ள, பல்லு பத்திரமுங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். யோகா, எனக்கு வியர்த்துவிட்டது. மகளை அழவைத்ததற்கு மாமனார் பல்லை உடைக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். டின்டுவிடம் சொன்னேன். அவன் ஆறுதலாக, "சேட்டா, கொங்குக்காரங்க அடிக்க மாட்டாங்க, மரியாதையா சொல்லிட்டுத்தான் அடிப்பாங்க" என்றான்.

மறுநாள் டப்பா வந்தது. நான் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லோர் முன்னாலும் ராணியை இறக்க வேண்டும் என்று ஆசை. இன்றைக்கு மழை, வெளியே மஞ்சு இறங்கி ஒன்றும் தெரியவில்லை, ஆட்டத்துக்கு ஏற்ற சூழல். குகைக்குள் கப்பல் நுழைகிறது. நான் குரலைத் தாழ்த்தி, "இருட்டுக்குள்ள ஏதோ அசையுது..." என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து பஞ்சை விலக்கினேன்.

ஒரு முழுப் பல் செட். மேலும் கீழும். ஈறோடு.

"யேசுவே!" என்று அலறிக்கொண்டு சுவக்கீன் பெஞ்சோடு பின்னால் சாய்ந்தான். டின்டு மேசைக்கு அடியில் இருந்தான். எனக்கு அந்த நொடியில்தான் மாமா சொன்னது விளங்கியது.

பிறகு என்ன நடந்தது என்று கேள், ஏனென்றால் அதுதான் இந்தக் கடிதம். எல்லோரும் சிரித்து முடித்ததும் டீ வேண்டும் என்றார்கள். கேன்டீன் இன்று அடைப்பு. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் அவர்கள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன். இஞ்சி தட்டினேன், பால் பொங்கும்வரை நின்றேன், கிளாஸ் கழுவினேன். உள்ளே ஒரே கும்மாளம். என்னவென்று எட்டிப் பார்க்க முடியவில்லை, பால் அடுப்பில் இருந்தது. டீயைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆட்டம் என்னை விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தது. நடுவர் இல்லை, கதை சொல்ல ஆள் இல்லை, டின்டுவே நடுவராகிவிட்டான். பல் செட்டை நடுவில் நிறுத்தி, அதுதான் குகைவாசல் என்று வைத்து, கப்பலை உள்ளே விட்டு, வாயை மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக நான் நடத்திவந்த கதை பல்லுக்குள் போய்விட்டது.

"லேய்! நா இல்லாம எப்படிலே ஆடுனீங்க?" என்று கத்தினேன்.

"ஆளு இல்லன்னா அவன்தான் நின்ன எடத்துல நிக்கணும்னு நீதானல சொன்ன? நாங்க எதுக்கு நிக்கணும்?" என்றான் சுவக்கீன். கையை நீட்டி டீயை எடுத்துக் குடித்தும்விட்டான்.

யோகா, நான் தட்டோடு நின்றேன். நாலு கிளாஸ் எடுத்து வந்திருந்தேன், பழக்கதோஷம். அந்த நாலாவது கிளாஸைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விதி எழுதியிருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எவ்வளவு நியாயமாக உனக்கு எழுதினேன்! அந்த விதியை நான் ஒருமுறைகூட அடுப்படியிலிருந்து பார்த்ததில்லை.

அங்கேயே நின்று சொன்னேன். இனிமேல் ஒருவர் மேசையை விட்டு எழுந்தால், என்ன காரணமானாலும், அவர் திரும்பி உட்காரும்வரை யாரும் பகடையைத் தொடக்கூடாது. டீ முறை போட்டுத்தான். டின்டு "அடிபொளி" என்றான். சுவக்கீன் கொஞ்சம் முனகினான், அடுத்த ஞாயிறு அவன் முறை என்பதால். அப்புறம் அவனே சொன்னான்: "அப்ப தங்கச்சி கேப்டன் சாகலல? அன்னைக்கும் இந்தக் கணக்குத்தான?" மூன்று பேரும் கை தூக்கினோம். பொன்னாத்தா உயிரோடு இருக்கிறாள்.

அந்தப் பற்கள் யாருடையவை? சோப்புப் போட்டுக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். குகை மாதிரி இருக்கட்டும் என்று ஒரு கடைவாய்ப் பல்லில் டின்டு பாசி ஒட்டிவிட்டான். எடுத்துவிட்டேன்.

ஜெகன்


கொழிஞ்சாம்பாறை
15 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெகனுக்கு,

பார்த்தீர்களா, இந்த முறை கை வந்துவிட்டது.

முதலில் பற்கள். ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். காய்ந்தால் அளவு மாறிவிடும். புதுசு, யார் வாயிலும் போகாதது, அதனால் யேசுவைக் கூப்பிட வேண்டியதில்லை என்று சுவக்கீன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

தப்பு என்னுடையதுதான். லேபில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி வெள்ளை. அன்றைக்கு ரெண்டு டப்பா என் மேசையில் இருந்தன. உங்கள் விலாசத்தை எழுதும்போது 'அன்புள்ள' போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே எந்த மூடியில் ஒட்டினேனோ தெரியாது. இங்கே பக்கத்துச் சித்தூர் கிளினிக்குக்குப் போனது ராணி. தெரிந்ததும் உங்களிடம் சொல்லச் சொல்லித்தான் அப்பாவைப் போன் பண்ணவைத்தேன், அவர் ரெண்டு வார்த்தையோடு வைத்துவிட்டார்.

அங்கே நடந்ததை டாக்டரம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாரப்பன் என்று ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். டாக்டரம்மா முகம் திருப்பாமலே டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்து, வாய்வரை கொண்டுபோய்விட்டார். பொக்கை வாயோடு மாரப்பன் ஐயா கேட்டாராம்: "ஏனுங்கம்மா, இதெ வாய்க்குள்ள வெச்சா அப்புறம் எனக்குச் சோறு எறங்குமுங்களா?"

வேறு யாராக இருந்தாலும் லேபைக் கொளுத்தியிருப்பார்கள். அவர் ராணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேரே எங்கள் லேபுக்கு வந்து, "இதச் செஞ்ச புள்ள எதுங்க?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள், "எதுக்குங் கண்ணு இது? என்னத்துக்கு எட்டுக் காலு?" என்று மேசையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் எங்கள் கப்பலில் டிக்கெட் பரிசோதகர். விண்வெளியில் எதற்கு டிக்கெட் என்று மோனிஷா கேட்டதற்கு, "ஓசில போறவன் எல்லா ஊர்லயும் இருப்பானுங்க" என்றார். நேற்று ஒரு வேற்றுக்கிரகப் படையையே டிக்கெட் கேட்டு இறக்கிவிட்டார். பகடையும் அவர் பக்கம்தான் விழுகிறது.

ஆனால் அவருக்குத் தீபாவளிக்குப் பல் வேண்டும். பேத்தி முறுக்குச் சுடுகிறாளாம். புதிதாகச் செய்ய நாள் இல்லை. தீபாவளித் தபால் கூட்டத்தில் அனுப்பினால் எங்கே போய் மாட்டுமோ. தலைதீபாவளிக்கு நீங்கள் வருகிறீர்கள். கையில் கொண்டு வாருங்கள். தபாலை இனி நான் நம்ப மாட்டேன், என்னையும்தான்.

உங்கள் கடிதத்தில் அந்த நாலாவது கிளாஸ் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா வந்து, "என்ன புள்ள, கண்ணுல தண்ணி?" என்றார். வெங்காயம் என்றேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

ஆனால் ஒன்று. பொன்னாத்தாவைக் கை தூக்கி எழுப்ப வேண்டாம். அவள் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். மூன்று பேர் ஓட்டுப் போட்டுப் பிழைக்கவைத்த கேப்டன் நாளைக்கு யாருக்கு உத்தரவு போடுவாள்? குங்குமத்தோடு லேப் அலமாரியில் நிற்கிறாள், கம்பீரமாகத்தான் இருக்கிறாள்.

தலைதீபாவளிக்கு உங்களைக் கூப்பிடுவது அப்பாவும் அம்மாவும். வேட்டி, மோதிரம், விருந்து எல்லாம் அவர்கள் பாடு. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் லேப் மேசைக்கு உங்களைக் கூப்பிடுவது நான். உங்களுக்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன். கேப்டன் இல்லை. கப்பலின் சமையல்காரர்.

யோகா


கொழிஞ்சாம்பாறை
24 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெகன்,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. நேரில் சொல்ல நினைத்தேன், கூட்டத்தில் முடியவில்லை. போனில் சொன்னால் நீங்கள் இழுப்பீர்கள். ஆகவே இன்னும் ஒரு கடிதம்.

முதலில் மாரப்பன் ஐயா செய்தி. முறுக்கைக் கடித்துக் காட்டவே நேற்று லேபுக்கு வந்தார். கடித்த சத்தம் கேட்டு ஆனந்தகுமார் அண்ணன் உள்ளறையிலிருந்து ஓடிவந்தார். "இந்தப் பல்லு மூணாறெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்திருக்குதுங்க, நாந்தேன் இன்னும் போவல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்த ஞாயிறு. சமையல்காரர் பாத்திரத்தைக் கொடுத்தால் முகம் சுண்டுவீர்கள் என்றுதான் நினைத்தேன், உள்ளபடியே சொல்கிறேன், கொஞ்சம் ஆசையும் பட்டேன். நீங்கள் பொம்மையைக் கையில் வாங்கி, கரண்டியைக்கூட விடாமல் பார்த்துவிட்டு, "எங்கே நிறுத்தட்டும்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. கொள்ளைக்காரர்கள் கப்பலுக்குள் ஏறியபோது கொதிக்கிற சாம்பாரை வாசலில் கொட்டினீர்களே, அது எந்த விதியிலும் இல்லை. நான் உருட்டச் சொன்னேன், விழுந்துவிட்டது. மாரப்பன் ஐயா எழுந்து நின்று கை தட்டினார்.

அப்புறம் அவர் உங்களைக் கேட்டார்: "ஏனுங் மாப்ள, உங்க ஊட்டு ஆட்டத்துல எங்க புள்ள யாருங்க?"

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நான் பகடையைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். நீங்கள் சட்டென்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமையல்காரர் பொம்மையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, "பேருக்குக் கேப்டன்தான் ஐயா. ஆனா நாங்க அவகிட்ட டீதான் வாங்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றீர்கள்.

முதலாளி முன்னால், மோனிஷா முன்னால், தலைதீபாவளி மாப்பிள்ளையாக வந்த இடத்தில் அதைச் சொல்வது லேசு இல்லை. விதியை மாற்றினீர்கள், ஓட்டுப் போட்டீர்கள், எல்லாம் சரி. எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது ஜெகன். அன்றைக்குப் பகடையை யார் உருட்டினார்கள், என்ன விழுந்தது என்று அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். நான் உங்கள் மேசைக்குத் திரும்பி வரவில்லை. காலி இடத்தில் வந்து உட்கார எனக்கு விருப்பம் இல்லை. என் கப்பலோடு வருகிறேன்.

நவம்பர் ரெண்டாம் தேதி ஞாயிறு. 'பாலக்காட்டுக் காற்று' எரிபொருள் தீர்ந்து உங்கள் குகைக் கிரகத்தின் பக்கம் வருகிறது. கப்பலில் மோனிஷா, ஆனந்தகுமார் அண்ணன், டிக்கெட் பரிசோதகர் மாரப்பன் ஐயா, அவருடைய முப்பத்திரண்டு பற்கள். சனிக்கிழமை வண்டி பிடித்து வருகிறோம். மாரப்பன் ஐயா மாட்டுப்பட்டி டேமும் பார்க்க வேண்டுமாம். உங்கள் பக்கத்துக் கதையை நீங்கள் நடத்துங்கள், எங்கள் பக்கத்தை நான் நடத்துவேன். ரெண்டு நடுவர். சண்டை வந்தால் பகடை தீர்க்கட்டும்.

எங்களுக்கு இறங்க இடம் வேண்டும். மேசையில் பாதி. குறைத்தால் போர்.

கேப்டன்களின் கேப்டன்,
யோகப்பிரியா


மாட்டுப்பட்டி
28 அக்டோபர் 2025

என் யோகாவுக்கு,

உன் கடிதத்தை வாசகசாலையில் உரக்கப் படித்தேன். 'குறைத்தால் போர்' என்ற இடத்தில் டின்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தான். மாரப்பன் ஐயாவிடம் பல்லைக் கையில் கொண்டு வராமல் வாயில் மாட்டிக்கொண்டு வரச் சொல் என்று சுவக்கீன் கேட்டுக்கொள்கிறான். அன்றைக்குப் பல் செட் இருந்த பக்கத்தில் அவன் இன்னும் உட்காருவதில்லை.

போன ஞாயிறு டீ அவன் முறை. சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுவிட்டான். விதிப்படி அவன் உட்காரும்வரை காத்திருந்து, பிறகுதான் துப்பினோம். இந்த வாரம் வீட்டில் பெண்டாட்டி பிலோமியிடம் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறான். பிலோமி எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அப்புறம் இடம். நீ பாதி கேட்டாய். நேற்று அளந்து பார்த்தேன். உங்கள் கப்பலை விரித்தால் எங்கள் குகை கீழே விழுகிறது, குகையை வைத்தால் உங்கள் கப்பலுக்கு வால் இல்லை. பாதி போதாது யோகா. சொன்னதும் சுவக்கீன் போய், ஜீப்பில் இன்னொரு மேசையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாதா கோயில் சண்டே ஸ்கூல் மேசை, ஃபாதரிடம் கேட்டுத்தான். ரெண்டையும் இழுத்து ஒட்டிப் போட்டோம். ஒரு மேசை மற்றதைவிட ரெண்டு விரல் உயரம். குட்டை மேசையின் காலடியில் டின்டு அட்டை மடித்துவைத்துச் சமம் செய்தான். அதன் மேல் ஒரே காகிதமாக ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நானே கட்டம் போட்டேன்.

எது உன் பாதி, எது என் பாதி என்று காகிதத்தில் தெரியவில்லை. நானும் கோடு போடவில்லை.

நீ எங்கே நிற்கிறாய் என்று நீ வந்து வை. அதுவரை நாங்கள் யாரும் ஒரு பொம்மைகூட வைக்க மாட்டோம்.

ஜெகன்